கொல்லையில் பெரிய ஆமைகள்: சல்காட்டாக்களைச் சேர்த்து வளர்க்க நினைப்பவர்களுக்கு

சல்காட்டா ஆமைக் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதே ஆமை நன்றாகத் தின்று வளர்ந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத எடைக்கு வந்துவிடும். பெரிய ஆண் 40, 45 கிலோ வரை போகும். ஓடு மட்டும் இரண்டரை அடி நீளம் இருக்கும். சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பை ஒட்டி செனகல், மாலி, நைஜர், சாட், சூடான் என்று நீளும், சகேல் எனப்படும் வறண்ட நிலம்தான் இதன் சொந்த ஊர். கலாபகஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளை விட்டுவிட்டால் உலகத்திலேயே பெரிய நில ஆமை இதுதான்.

அரிசோனாவில் பீனிக்ஸைச் சுற்றி, சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். சிமென்ட் பிளாக் சுவர் சுற்றிய கொல்லை எல்லோருக்கும் இருக்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை. பக்கத்துத் தெருவில் யாராவது "எங்களால் சமாளிக்க முடியவில்லை, எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். ஒரு சல்காட்டா வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த வருடம், "பாவம், தனியாக இருக்கிறதே" என்று இன்னொன்று வரும். அந்த இரண்டாவது ஆமையிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. பெரிய ஆமைகளைச் சேர்த்து வளர்க்க முடியும், நன்றாகவே வளர்க்கலாம். ஆனால் சேர்த்து வைப்பதற்கு முன்னால் அவற்றைப் பிரித்து வைக்க ஒரு இடம் தயாராக இருக்க வேண்டும். கீழே சொல்கிற எல்லா வேலையிலும் இதுதான் முதல் வேலை. இது முடியாது என்றால் ஒரே ஆமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதை எதோடு வைக்கலாம்

ஆமைக்குத் துணை தேவையில்லை. நாயும் கிளியும் துணையில்லாமல் வாடும், நில ஆமை வாடாது. காட்டில் பெரும்பாலும் தன் வளையில் தனியாகக் கிடக்கும், இணை சேரத்தான் இன்னொன்றைத் தேடும். கொல்லையில் இரண்டு ஆமைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்குவதைப் பார்த்தால் நமக்குப் பாசமாகத் தெரியும். இரண்டுக்கும் பிடித்த கதகதப்பான மூலை அங்கே ஒன்றுதான் இருக்கிறது என்பது பெரும்பாலும் அதன் அர்த்தம். ஆகவே ஆமையின் தனிமையைப் போக்க இன்னொன்றை வாங்காதீர்கள். இடமும் வசதியும் இருந்து, ஆதரவற்ற இன்னொரு ஆமைக்கும் இடம் கொடுக்க விரும்பினால் அது வேறு விஷயம்.

இரண்டு ஆண்களை ஒரே அடைப்பில் ஒருபோதும் வைக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு தேடாதீர்கள். சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்தவை என்பதெல்லாம் பருவம் வந்ததும் செல்லாது.

ஒரு ஆண், ஒரு பெண் என்று ஜோடியாக வைப்பதும் தவறுதான். இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆண் நாள் முழுக்கப் பெண்ணைத் துரத்தும், ஏறும், முன்காலைக் கடிக்கும். தப்பித்துப் போக இடமில்லாத பெண் தீனி எடுக்காமல் ஒடுங்கிக் கிடக்கும். பொதுவாகவே இரண்டு என்ற எண்ணிக்கை ஆமைக்கு ஒத்துவருவதில்லை. இரண்டு பெண்களில்கூட ஒன்று மற்றதை அடக்கி வைக்கும், அடங்கியதற்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு கிடைக்காது.

ஓரளவு சரியாகப் போவது, ஏறத்தாழ ஒரே அளவுள்ள மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள். அவற்றோடு ஒரு ஆணையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஆணுக்குத் தனி அடைப்பும் தனிக் கூடும் இருக்க வேண்டும். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அது அங்கேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கட்டுங்கள். பெரிய ஆமையோடு குட்டியைச் சேர்க்காதீர்கள், மிதிபட்டே செத்துப்போகும். வேறு இன ஆமையும் வேண்டாம்: சிறுத்தை ஆமைக்கு சல்காட்டாவின் முரட்டுத்தனம் தாங்காது. சோனோரன் பாலைவன ஆமை இந்த மண்ணின் சொந்த இனம், அதற்குச் சளிநோய் தொற்றினால் பெரும் கேடு.

ஆணா பெண்ணா என்று குட்டியில் சொல்ல முடியாது. ஓடு சுமார் 14 அங்குலம் வளர்ந்த பிறகுதான் நம்பிச் சொல்லலாம். ஆணின் வால் நீண்டு தடித்து ஒரு பக்கமாக மடிந்திருக்கும், அடி ஓடு உட்குழிந்திருக்கும், கழுத்துக்குக் கீழே துருத்தி நிற்கும் கொம்பு நீளமாக இருக்கும். பெண்ணுக்கு வால் குட்டை, அடி ஓடு தட்டை. குட்டிகளாக மூன்று வாங்கி, மூன்றும் ஆணாகப் போனால் மூன்று அடைப்பு கட்ட வேண்டியிருக்கும். அதனால் சேர்த்து வளர்க்க நினைப்பவர்கள் குட்டி வாங்காமல், பால் தெரிந்த பெரிய ஆமைகளை மீட்பு நிலையங்களிலிருந்து எடுப்பதே நல்லது. பீனிக்ஸ் ஹெர்பெட்டாலஜிகல் சாங்சுவரி போன்ற இடங்களுக்கு, வளர்க்க முடியாமல் விடப்பட்ட சல்காட்டாக்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன.

இடமும் சுவரும்

வளர்ந்த ஆமை ஒன்றுக்குக் குறைந்தது ஆயிரம் சதுர அடி என்பது என் கணக்கு. மூன்று பெண்களுக்கு மூவாயிரம், ஆணுக்குத் தனியாக ஆயிரம். புதிய காலனிகளில் பல வீடுகளுக்குக் கொல்லையே அவ்வளவு இருக்காது. அப்படியானால் கூட்டம் வேண்டாம்.

சல்காட்டா தன் கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரிகிற எதையும் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். கம்பி வலை வேலியில் தலையை நுழைத்து, தோளால் முட்டி, நாள்கணக்கில் தள்ளும். எனவே வேலி முழுதும் மறைப்பாக இருக்க வேண்டும். உயரம் இரண்டு அடி போதும், உறுதிதான் முக்கியம். எட்டு அங்குல சிமென்ட் பிளாக்கை மூன்று வரிசை அடுக்கினால் இரண்டடி வரும். ஓட்டைகளின் வழியே முறுக்குக் கம்பியை மண்ணுக்குள் இறக்கி, கான்கிரீட் ஊற்றி நிரப்பிவிடுங்கள். அடித்தளம் தரைக்குக் கீழே ஒரு அடியாவது போக வேண்டும். இங்கே பல கொல்லைகளில் ஒன்றிரண்டு அடியிலேயே காலீச்சே எனப்படும் சுண்ணாம்பு இறுகிய கெட்டி அடுக்கு வந்துவிடும். கடப்பாறை எகிறும். அதற்கு முன்பே தண்ணீர் விட்டு ஊறவைத்துத் தோண்டினால் வேலை பாதி குறையும்.

அடைப்புகளைப் பிரிக்கும் நடுச்சுவரும் இதே கட்டுமானம்தான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் துளிகூடத் தெரியக் கூடாது. இடுக்கு வழியாக இன்னொரு ஆணின் கால் தெரிந்தாலே போதும், இரண்டும் அந்த இடத்தில் நின்று காலை முதல் மாலை வரை முட்டிக்கொண்டிருக்கும். கதவுக்கும் இதே விதிதான்: கம்பிக் கதவாக இருந்தால் கீழ்ப் பாதியில் தகரம் அடித்துவிடுங்கள்.

மூலைகளைக் கவனியுங்கள். சதுரமான மூலையில்தான் அடிவாங்கும் ஆமை மாட்டிக்கொள்ளும், திரும்பி வெளியே வர வழி இருக்காது. ஒவ்வொரு மூலையிலும் பிளாக்குகளைச் சாய்வாக வைத்தோ பெரிய பாறையைப் போட்டோ முனையை மழுக்கிவிடுங்கள். அடைப்பின் நடுவே மண்மேடுகள், பெரிய மரக்கட்டைகள், அடர்ந்த செடிகள் வேண்டும். ஒன்றின் பார்வையிலிருந்து இன்னொன்று விலகிப் போக முடிந்தாலே பாதிச் சண்டை நின்றுவிடும். மொட்டையான மைதானம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் ஒளிய இடம் இல்லையே.

நீச்சல் குளம் இருக்கும் வீட்டில் அதைச் சுற்றித் தனிச் சுவர் கட்டாயம். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, கல்போல அடியில் போய்விடும். வீட்டின் அஸ்திவாரம், குளத்தின் விளிம்பு இவற்றிலிருந்து அடைப்பைப் பத்தடியாவது தள்ளி வையுங்கள். சல்காட்டா பத்தடி நீளத்துக்குச் சுரங்கம் தோண்டுவதெல்லாம் சாதாரணம்.

அடுத்தது அரளி. பீனிக்ஸில் மறைப்புக்காக வரிசை வரிசையாக வைப்பது அரளிதான். இலை, பூ, காய்ந்த சருகு எல்லாமே விஷம். உங்கள் கொல்லையில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு அரளி இலை காற்றில் சுவர் தாண்டி வந்து விழும், ஆமை தரையில் கிடப்பதை எல்லாம் மேயும். பக்கத்து வீட்டாரிடம் பேசிக் கிளைகளை வெட்டிவிடச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அந்தப் பக்கத்து ஓரத்தை அடைப்பிலிருந்து விலக்கிவிடுங்கள். உண்ணிச்செடி, சேகோ பனை இரண்டையும் வேரோடு எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் நாய் இருந்தால் ஆமை அடைப்புக்குள் அது போக வழியே இருக்கக் கூடாது. எத்தனை சாதுவான நாயாக இருந்தாலும் ஒரு நாள் அதற்கு ஆமை ஓடு எலும்புத்துண்டாகத் தெரியும்.

இரவுக் கூடு

பாலைவனம் என்றாலே சூடு என்று நினைக்கிறோம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே உறைநிலை அருகே போகும். இந்த ஊர்ப் பாலைவன ஆமைகள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும், சல்காட்டாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதற்குச் சூடான கூடு வேண்டும்.

நாலுக்கு எட்டு அடி ப்ளைவுட் பலகை ஒன்றைத் தரையாக வைத்து, இரண்டடி உயரத்தில் பெட்டி கட்டுங்கள். சுவர், கூரை எல்லாம் இரட்டைப் பலகை, நடுவே இரண்டு அங்குல ஃபோம் அட்டை. வாசலுக்குக் கனமான பிளாஸ்டிக் பட்டைத் திரை. உள்ளே சூட்டுக்குச் சின்ன எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர் ஒன்றை மூலையில் வைத்து, ஆமை இடிக்காதபடி கட்டைச் சட்டம் அடியுங்கள். அதோடு மேலே ஒரு வெப்பத் தகடு, கீழே பண்ணைகளில் பன்றிக்குட்டிக்கு வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு சூட்டு மெத்தை. எல்லாம் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் ஓட வேண்டும், 80 டிகிரி பாரன்ஹீட்டில் (சுமார் 27 செல்சியஸ்) வைத்தால் போதும். சிவப்பு பல்பைத் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம். பெரிய ஆமையின் முதுகு உச்சி பல்புக்கு மிக அருகே வந்துவிடும். உடம்பு இன்னும் சூடாகவில்லையே என்று அது நகராமல் கிடக்க, ஓடு வெந்துபோகும்.

ஒயர்களைக் குழாய்க்குள் விட்டு ஆமைக்கு எட்டாத உயரத்தில் கொண்டுபோங்கள். ஈரத்தில் தானாக அணையும் பாதுகாப்பு பிளக் பாயின்ட் அவசியம். செல்போனுக்குத் தகவல் அனுப்பும் வெப்பமானி ஒன்றை உள்ளே மாட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் அது சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

கூட்டமாக வைப்பவர்களுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. அதிகாரம் உள்ள ஆமை முதலில் உள்ளே போய் வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வந்தவை வெளியே குளிரில் கிடக்கும். அதனால் பொதுக் கூட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல் வையுங்கள், குளிர்காலத்தில் தினமும் இருட்டுவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். மூன்று பெரிய பெண்களுக்கு ஒரே பெட்டி போதாது, இரண்டு கட்டுங்கள். ஆணுக்கு எப்போதும் தனி.

கோடை, வளை, தண்ணீர்

2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில் அடித்தது. சகேலில் பிறந்த இனம்தானே, தாங்கும் என்று விட்டுவிட முடியாது. சகேலிலும் அது வெயிலைத் தாங்குவதில்லை, தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. உடம்பு சூடு எல்லை மீறினால் எச்சிலை வடியவிட்டு முன்கால்களில் பூசிக்கொள்ளும். உங்கள் ஆமை அப்படிச் செய்வதைப் பார்த்தால் உடனே நிழலும் தண்ணீரும் கொடுங்கள்.

ஆமையே தோண்டட்டும் என்று விடாமல் வளையை நாமே கட்டிக் கொடுப்பது பாதுகாப்பு. நாலடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, பக்கங்களில் பிளாக் அடுக்கி, மேலே தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட்டு, அதன் மேல் ஒன்றரை அடி மண் நிரப்புங்கள். இறங்கும் வழி சரிவாக இருக்கட்டும். வாசலைச் சுற்றி ஒரு மண் வரப்பு கட்டுங்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய இங்கே பருவமழைக் காலம், அரை மணி நேரத்தில் கொல்லை குளமாகிவிடும். வரப்பு இல்லாத வளைக்குள் வெள்ளம் இறங்கினால் உள்ளே இருக்கும் ஆமை மூழ்கும். ஆமை தானே தோண்டிய வளை என்றால் இந்த மாதங்களில் இடிந்து மூடிவிடும் ஆபத்தும் உண்டு.

ஒரு ஆமைக்கு ஒரு வளை. ஒரே நீண்ட சுரங்கத்தில் இரண்டு போனால் முன்னால் போனது வெளியே வர முடியாது, ஏனென்றால் பின்னால் போனது வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும். மறைவிடங்களை ஆமைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகவே கட்டுங்கள்.

தண்ணீருக்கு ஆழமில்லாத, ஓரம் சரிவான கான்கிரீட் தட்டு நல்லது. தரையோடு தரையாகப் பதித்துவிட்டால் ஆமை நடந்து உள்ளே இறங்கும். குடிக்கும், உட்காரும், அங்கேயே கழிக்கவும் செய்யும், அதனால் தினமும் கழுவ வேண்டும். தண்ணீர் போதாத ஆமைக்குச் சிறுநீர்ப்பையில் கல் வரும், அது அறுவை சிகிச்சை வரை போகும். கூட்டத்தில் ஒன்று தண்ணீர்த் தட்டில் போய்ப் படுத்துக்கொண்டு மற்றதை அண்டவிடாது. ஆகவே இரண்டு தட்டு, கொல்லையின் இரண்டு கோடியில். கோடையில் ஸ்பிரிங்க்ளர் போட்டு ஒரு பக்கம் சேறாக்கிவிட்டால் ஆமைகள் அதில் புரண்டு குளிரும்.

தீனி

இது எளிது. புல், புல், மறுபடியும் புல். பெர்முடா புல் நம் ஊர் அருகம்புல்லேதான். அதை அடைப்பு முழுக்க வளரவிடுங்கள், உரமும் பூச்சிமருந்தும் போடாமல். குளிர்காலத்துக்கு அதே புல்லை உலர்த்திக் கட்டாக விற்கிறார்கள். சப்பாத்திக்கள்ளி மடல், மல்பெரி இலை, திராட்சை இலை, செம்பருத்தி இலையும் பூவும் எல்லாம் விரும்பித் தின்னும். கொல்லையில் முருங்கை இருந்தால் எப்போதாவது ஒரு கொத்து. மசூரி (Mazuri) என்ற கம்பெனியின் ஆமைத் தீனியை ஊறவைத்து வாரம் ஒரு முறை கொடுக்கலாம். முட்டையிடும் பெண்களுக்குக் கடல்நுரையையும் (கணவாய் மீனின் உள் ஓடு) அடைப்பில் போட்டு வையுங்கள், வேண்டியபோது கடித்துக்கொள்ளும். பழம், சோறு, இட்லி, ரொட்டி, நாய்த் தீனி வேண்டாம். பாலக், தண்டுக்கீரை வகைகளையும் தவிர்த்துவிடுங்கள். குதிரைமசால் புரதம் மிகுந்தது, அதை அன்றாடத் தீனி ஆக்காதீர்கள்.

ஒரே இடத்தில் குவித்துப் போடக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். நாலு ஆமைக்கு ஐந்து இடம், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி.

புதிய ஆமையைச் சேர்க்கும் முறை

எங்கிருந்து வந்தாலும், எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், முதல் மூன்று மாதம் தனியாக. என்னைக் கேட்டால் ஆறு மாதம். மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் சளிநோய் வெளியே தெரியாமல் உள்ளே இருந்துவிட்டு, அலுப்பு, குளிர், சண்டை என்று ஏதாவது ஒன்று வந்ததும் தலைகாட்டும். மூக்கில் நீர், கண் வீக்கம், மூச்சுவிடும்போது சத்தம், வாயைத் திறந்து மூச்சுவிடுவது இவற்றைப் பாருங்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், சில வார இடைவெளியில் இரண்டு முறை மலப் பரிசோதனை செய்யுங்கள். வேலையைத் தினமும் பழைய ஆமைகளிடம் தொடங்கிப் புதியதிடம் முடியுங்கள். புதியதற்கு மண்வெட்டி, தட்டு, செருப்பு எல்லாம் தனி.

பிறகு அறிமுகம். பழைய ஆமைகள் தங்கள் இடமாக நினைக்கும் அடைப்பில் புதியதை நேரே இறக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கட்டைகளையும் பாறைகளையும் இடம் மாற்றி வையுங்கள். பிறகு மிதமான வெயில் உள்ள ஒரு காலையில், எல்லாம் தின்று முடித்த பிறகு, புதியதை முதலில் விட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக விடுங்கள். அன்று முழுக்க நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். விடுமுறை நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். முதல் சில வாரம் பகலில் மட்டும் சேர்த்து, இரவில் தனித்தனிக் கூட்டில் அடையுங்கள்.

சண்டை எப்படி இருக்கும்

ஆண் சல்காட்டா முட்ட வருவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இரண்டு ஆண்களைச் சேர்க்கும் எண்ணமே வராது. தலையை நீட்டி எதிரியை வெறித்துப் பார்க்கும். பிறகு கால்களில் எழும்பி நின்று, தலையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு முழு எடையோடும் பாயும். கழுத்துக்குக் கீழ் இருக்கும் கொம்பு எதிரியின் ஓட்டில் மோதும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். இரண்டு மூன்று மோதலில் எதிரி பின்வாங்காவிட்டால் கொம்பை ஓட்டின் விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பும். அப்படியே மல்லாத்திவிடும்.

மல்லாந்த ஆமைக்கு நேரம் அதிகம் இல்லை. ஆமையின் நுரையீரல் மேல் ஓட்டை ஒட்டி இருக்கிறது. கவிழ்ந்து கிடந்தால் குடல், ஈரல் எல்லாம் அதன்மேல் அழுத்தும். அதோடு வெயிலும் சேர்ந்தால் கோடையில் சீக்கிரமே உயிர் போய்விடும். மெதுவாக நிமிர்த்தி, நிழலுக்குக் கொண்டுபோய், ஆழமில்லாத தண்ணீரில் வையுங்கள். சண்டையைப் பிரிக்கும்போது கையையோ காலையோ நடுவில் விடாதீர்கள். ஒரு ப்ளைவுட் துண்டு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், அதை இரண்டுக்கும் நடுவே இறக்குங்கள்.

பெண்களிடையே நடப்பது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும், அதனால்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஒன்று இன்னொன்றின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். அது தின்னும் இடத்தில் போய் ஏறி உட்காரும். வழியை மறித்து முகத்துக்கு நேரே நிற்கும். பெண்ணே பெண்ணின் மேல் ஏறுவதும் உண்டு, அதுவும் அதிகாரம்தான். அடங்கிய ஆமை எல்லோரும் உள்ளே போன பிறகே வெளியே வரும், கடைசியில் தின்னும், நாளடைவில் வளையை விட்டே வராது.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம், எடை போடுங்கள். பார்சல் எடை போடும் தட்டுத் தராசு ஒன்று வாங்கி, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் நிறுத்தி நோட்டில் எழுதுங்கள். ஒன்று ஏறிக்கொண்டே போய் இன்னொன்று இறங்கினால், அவை சண்டை போட்டு நீங்கள் பார்த்ததில்லை என்றாலும் பிரித்துவிடுங்கள். ஆண் இருக்கும் அடைப்பில் பெண்களின் ஓட்டுப் பின்பகுதியையும் வாலடியையும் வாராவாரம் பாருங்கள். பின்புறம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தாலோ வாலடியில் காயம் இருந்தாலோ ஆண் அன்றே தன் அடைப்புக்குப் போக வேண்டும்.

ரத்தம் வந்தாலும் சரி, ஒன்று மல்லாந்தாலும் சரி, ஒரு முறை நடந்தால் நிரந்தரப் பிரிவு. சில நாள் தள்ளி வைத்து மறுபடி சேர்த்தால் மறந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மறப்பதில்லை. இரண்டாவது அடைப்பை முதலிலேயே கட்டச் சொன்னது இந்த நாளுக்காகத்தான். கட்டாதவர்கள் அன்றைக்குக் கார் ஷெட்டில் அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருப்பார்கள். நாற்பது கிலோ ஆமைக்கு அட்டைப்பெட்டி எம்மாத்திரம்!

முட்டை

பெண் திடீரென்று தீனியைக் குறைத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து, அங்கங்கே முகர்ந்து தோண்டிப் பார்த்தால் முட்டைக்குத் தயாராகிறது. முன்கால்களால் தன் உடம்பு இறங்கும் அளவுக்கு அகலமான குழியைப் பறித்துக்கொண்டு, பிறகு திரும்பி நின்று பின்கால்களால் அதற்குள் ஒரு ஆழமான குடுவையைத் தோண்டும். மண்ணை ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி அள்ளி வைக்கும். மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது. அந்த நேரத்தில் மற்ற ஆமைகள் குறுக்கே வந்தால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடும், திரும்பத் திரும்ப இப்படி ஆனால் முட்டை உள்ளேயே தங்கிவிடும் ஆபத்து. ஒரு பலகையை நட்டு மற்றவற்றை மறித்துவிடுங்கள். பல நாளாகத் தோண்டியும் முட்டையிடவில்லை, தின்னவும் இல்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஒரு தடவைக்கு 15 முதல் 30 முட்டை, ஒரே பருவத்தில் பல தடவை. மூன்று பெண்கள் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆணைப் பிரித்த பிறகும் விந்தைச் சேமித்து வைத்துக் கருவுள்ள முட்டை இட முடியும். தயவுசெய்து பொரிக்கவிடாதீர்கள். முட்டையிட்ட அன்றே தோண்டி எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் இங்கே மீட்பு நிலையங்கள் நிரம்பி வழிகின்றன, ஆளில்லாத ஆமைகள் தெருவில் நடந்து போகின்றன. ஆப்பிரிக்கக் காட்டில் இந்த இனம் அருகிவருவது உண்மைதான். உங்கள் கொல்லைக் குட்டிகள் அங்கே போய்ச் சேரப் போவதில்லை.

சட்டம், கைகழுவுதல், இடமாற்றம்

ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகள் கட்டாயம். சால்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான ஆமையிடமும் இருக்கும். தண்ணீர்த் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. வாங்கும் முன் உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த நிலையிலும் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது குற்றம், அதோடு இந்த மண்ணின் ஆமைகளுக்கு நோயையும் கொண்டுபோகும்.

இதைப் படித்துவிட்டு ஊரில் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திர ஆமை இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019 முதல் சர்வதேச வணிகமும் தடை. சல்காட்டா போன்ற வெளிநாட்டு இனம் என்றாலும், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மீன்கடையில் யாரோ தொட்டியில் வைத்து விற்பதை நம்பி வாங்காதீர்கள்.

அமெரிக்காவில் வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போவது நம்மவர்களுக்குச் சகஜம். சல்காட்டாவையும் சிறுத்தை ஆமையையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக, உண்ணி இல்லை என்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். ஆப்பிரிக்க உண்ணிகளால் மாடுகளுக்கு ஹார்ட்வாட்டர் நோய் பரவிவிடும் என்று பயந்து 2000இல் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. சியாட்டிலுக்கோ நியூ ஜெர்சிக்கோ போவதாக இருந்தால் நாலு பெரிய ஆமைக்கு அங்கே குளிர்காலம் முழுக்கச் சூடான உள்ளறை வேண்டியிருக்கும், முடியுமா என்று முன்பே பாருங்கள். முடியாது என்றால் கிளம்புவதற்குப் பல மாதம் முன்னாலேயே மீட்பு நிலையத்தில் பெயர் கொடுத்து வைக்க வேண்டும், கடைசி வாரத்தில் போய் நின்றால் இடம் இருக்காது. சல்காட்டா எழுபது வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. ஆகவே உங்களுக்குப் பிறகு எந்த ஆமை யாரிடம் போக வேண்டும், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதையும் எடை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.